மூன்றாம் திராட்சை

போர்தோ ஒயினை விரும்புபவரிடம் அவருக்குப் பிடித்த திராட்சை எது என்று கேட்டால், கபெர்னே சோவின்யோன் என்றோ மெர்லோ என்றோ விடை உடனே வந்துவிடும். பர்கண்டியை விரும்புபவருக்கு அந்த யோசனைகூடத் தேவையில்லை. அங்கே சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை என்றால் பெரும்பாலும் ஷார்டொனே. ஷாம்பெய்ன் பிரியர்தான் இக்கேள்வியின் முன் தயங்கி நிற்கிறார். காரணம் அவர் அருந்தும் மதுவின் இயல்பிலேயே இருக்கிறது. ஷாம்பெய்ன் புட்டியின் முகப்பில் பெரிதாக எழுதப்பட்டிருப்பது தயாரிப்பு இல்லத்தின் பெயர். உள்ளே இருப்பதோ பல ஊர்களின், பெரும்பாலும் பல ஆண்டுகளின், இரண்டு மூன்று இனங்களின் சாறு. ஆண்டுதோறும் வானிலை மாறினாலும் சுவை மாறாமல் காப்பதே நிலவறைத் தலைவரின் திறமை எனக் கருதப்படுகிறது. அத்தகைய மதுவை நேசிப்பவரிடம் தனி இனமொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, சேர்ந்திசையில் ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்கச் சொல்வதைப் போன்றது.

ஆயினும் அது வீண் கேள்வி அன்று. குடிப்பவரின் விருப்பம் திராட்சையின் விலையைத் தீர்மானிக்கிறது. விலை, உழவர் எதை நடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. நட்ட கொடி முப்பது நாற்பது ஆண்டுகள் மண்ணில் நிற்கும். ஒரு தலைமுறையின் ரசனை அடுத்த தலைமுறையின் தோட்டமாகிறது.

ஷாம்பெய்ன் வட்டாரத்தின் திராட்சைப் பரப்பு ஏறத்தாழ 34,000 ஹெக்டேர். அதில் பினோ நுவார் 38 விழுக்காட்டை ஒட்டி இருக்க, எஞ்சியதை ஷார்டொனேயும் மெனியேயும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஆர்பான், பெத்தி மெஸ்லியே, பினோ பிளாங், பினோ கிரி ஆகிய நான்கு பழைய இனங்களுக்கும் சட்டப்படி இடமுண்டு. நான்கையும் கூட்டினாலும் ஒரு விழுக்காட்டைத் தொடுவதில்லை.

ஷாம்பெய்ன் பிரியரின் முதற்காதல் பெரும்பாலும் ஷார்டொனேயாகவே அமைகிறது. எபெர்னே நகருக்குத் தெற்கே நீளும் 'கோத் தே பிளாங்' சரிவில், சுண்ணாம்புப் பாறையின் மேல் வளரும் ஷார்டொனேயிலிருந்து வரும் மது இளமையில் எலுமிச்சையின் கூர்மை கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல வறுத்த கொட்டையின் மணத்தை அடைவது. தோல் வணிகரான யூஜேன் எமே சலோன், லெ மெனில் என்னும் ஒரே ஊரின் ஷார்டொனேயை மட்டும் கொண்டு 1905இல் தம் முதல் ஷாம்பெய்னை உருவாக்கினார். ஒரே ஊர், ஒரே இனம், ஒரே ஆண்டு. நல்ல விளைச்சல் அமையாத ஆண்டுகளில் அந்த மது தயாரிக்கப்படுவதே இல்லை. கலவையே மரபாக இருந்த நாட்டில் இது ஒரு மறுப்புரை. தூய்மையில் நம்பிக்கை கொண்டவருக்கு இதைவிடச் சிறந்த வாதம் கிடைக்காது.

பின்னர் பினோ நுவார் வருகிறது. கறுத்த தோலுடைய திராட்சையிலிருந்து நிறமற்ற மதுவைப் பெறுவது ஷாம்பெய்னின் பழைய வித்தைகளுள் ஒன்று. சதைச்சாற்றில் நிறமில்லை, நிறமெல்லாம் தோலில். எனவே பழம் கையால் பறிக்கப்படுகிறது, கொத்து முழுதாகவே பிழிபொறிக்குள் செல்கிறது. 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்க விதி அனுமதிப்பதில்லை. ஆயி, பூஸி, வெர்ஸ்னே போன்ற ஊர்களின் பினோ நுவார் மதுவுக்கு உடலையும் கனத்தையும் தருகிறது. ஷார்டொனேயின் மெல்லிய கோட்டில் சலிப்புற்றவர் இங்கே சதைப்பற்றைக் காண்கிறார்.

மூன்றாவதான மெனியேயிடம் பிரியர்கள் கடைசியில்தான் வந்து சேர்கிறார்கள். பலர் வந்து சேர்வதே இல்லை. 'மெனியே' என்றால் மாவரைப்பவர். இளந்தளிரிலும் இலையின் அடிப்புறத்திலும் படர்ந்திருக்கும் வெண்ணிற மென்மயிர், மாவு ஆலையிலிருந்து வெளியே வந்தவரின் தோற்றத்தைக் கொடிக்குத் தருகிறது. பெயரே உழைப்பாளியின் பெயர். அதற்குக் கிடைத்த மதிப்பும் அப்படியே. மார்ன் பள்ளத்தாக்கின் களிமண்ணிலும், உறைபனி தேங்கும் தாழ்நிலங்களிலும் அது தாக்குப்பிடிக்கிறது. மற்ற இரண்டையும்விடத் தாமதமாகத் துளிர்ப்பதால் வசந்தகாலப் பனியில் தப்புகிறது. இத்தனை இருந்தும் அதற்கு வாய்த்த பட்டம் 'கலவையை நிரப்புவது'. நெடுநாள் நிலைக்காது, இளமையில் பழச்சுவை தரும், அவ்வளவே என்று பாடநூல்கள் எழுதின. 'கிரான் க்ரூ' எனப்படும் முதல்தர ஊர்கள் 17. அவை பினோ நுவாருக்கோ ஷார்டொனேக்கோ பேர்போனவை. தோம் பெரின்யோன் என்னும் புகழ்பெற்ற ஷாம்பெய்னில் மெனியே சேர்வதில்லை. க்ருக் போன்ற சில இல்லங்கள் மட்டுமே தங்கள் கலவையில் மெனியேக்கு உள்ள பங்கை வெளிப்படையாகப் போற்றின.

இத்தரவரிசையின் அடித்தளத்தை ஆய்வுக்கூடங்கள் அசைத்திருக்கின்றன. 1999இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான மரபணு ஆய்வொன்று, ஷார்டொனேயின் பெற்றோரை இனங்கண்டது. ஒருபுறம் பினோ, மறுபுறம் குவே பிளாங். இந்தக் குவே பிளாங், உழவர்கள் தம் வீட்டுத் தேவைக்கு வளர்த்த எளிய திராட்சை. தரமற்றது என்று இகழப்பட்டது. நடக்கூடாது என்று மீண்டும் மீண்டும் தடைவிதிக்க முயற்சிகள் நடந்தன. உலகின் மிகவும் மதிக்கப்படும் வெள்ளைத் திராட்சை, அந்த இகழப்பட்ட கொடியின் பிள்ளை. கமே, அலிகோத்தே உள்ளிட்ட வேறு பல இனங்களும் இதே இணையிலிருந்து பிறந்தவை. குலப்பெருமை பேசுவோர் தாய்வழியையும் தந்தைவழியையும் முழுவதும் விசாரிக்காதவரையில்தான் அப்பெருமை நிற்கும் என்பதை இந்திய வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மெனியேயின் கதை இதைவிட வியப்பானது. பால் பாஸ், மார்க் தாமஸ் என்னும் இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2002இல் 'நேச்சர்' இதழில் அதை விளக்கினர். மெனியே தனி இனம் அன்று, கைமீரா. அதன் உள் அடுக்குச் செல்கள் பினோவினுடையவை. வெளியடுக்குச் செல்கள் மட்டும் சடுதிமாற்றம் அடைந்தவை. அவ்வெளியடுக்கிலிருந்து மட்டும் செடிகளை உருவாக்கிப் பார்த்தபோது குள்ளமான கொடிகள் முளைத்தன. பற்றுக்கம்பிகள் தோன்ற வேண்டிய இடங்களில் பூங்கொத்துகள் தோன்றின. ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கிக்குச் செடி செவிசாய்க்காமல் போனதே காரணம். பசுமைப் புரட்சியின் குட்டைரகக் கோதுமையைக் குட்டையாக்கியதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவின் மாற்றமே. 1960களில் இந்திய வயல்களுக்கு வந்து சேர்ந்த கோதுமைக்கும், ஷாம்பெய்ன் புட்டியின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட திராட்சைக்கும் இப்படியொரு உறவு.

இதிலிருந்து இன்னொன்றும் பின்தொடர்கிறது. விதையை உருவாக்கும் செல்கள் உள்ளடுக்கிலிருந்து வருகின்றன. எனவே மெனியேயின் விதையிலிருந்து மெனியே பிறக்காது. போத்து வெட்டி நட்டாலோ ஒட்டுக் கட்டினாலோதான் அது தொடரும். மாவு படிந்த அந்த மெல்லிய மேலடுக்கு இத்தனை நூற்றாண்டுகள் அழியாமல் இருப்பதற்கு, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஓர் உழவர் அதை வைத்துக்கொள்ளத் தக்கது என்று கருதியதே காரணம். எழுதப்பட்ட தரவரிசைகளுக்கு வெளியே நடந்த தேர்வு அது.

ஆக, தேர்ந்தெடுக்கச் சொல்லப்படும் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று பினோ, ஒன்று பினோவின் பிள்ளை, மூன்றாவது வேறு மேலாடை தரித்த பினோ. மரபுவழியைக் கொண்டு இவற்றுள் உயர்வு தாழ்வு காண இடமில்லை. எஞ்சுவது மண், வானிலை, கவனிப்பு ஆகியவையே. ரேன்ஸ் நகருக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூரில் ழெரோம் ப்ரெவோ 1998 முதல் தனி மெனியேயில் ஷாம்பெய்ன் செய்து காட்டினார். நிரப்பியாகக் கருதப்பட்டதற்குத் தனக்கென ஒரு குரல் இருப்பது அத்தகைய புட்டிகளால் தெரியவந்தது. அவ்வூரின் பெயர் 'கெ'. பிரெஞ்சில் அச்சொல்லுக்கு இரவலர் என்று பொருள்.

ஆனால் மெனியேயைத் தேர்பவர் ஒரு கடினமான உண்மையையும் ஏற்க வேண்டும். ஷாம்பெய்ன் அறுவடை முப்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இரண்டு வாரங்களுக்கும் மேல் முந்திவிட்டது. செப்டம்பரில் தொடங்கியது இப்போது பல ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே தொடங்குகிறது. குளிர்கால இறுதி வெப்பமாக இருந்தால் கொடிகள் முன்கூட்டியே துளிர்க்கின்றன. அதன்பின் ஏப்ரல் உறைபனி வந்தால் அத்துளிர்கள் கருகுகின்றன. 2003இல் வசந்தப்பனியில் பெரிதும் அடிபட்டது ஷார்டொனே. அதே ஆண்டின் கோடையில் கொடும் வெப்பம். பனியில் தாமதத் துளிர்ப்பு மெனியேயைக் காக்கும். வெப்பத்திலோ, விரைந்து பழுக்கும் அதன் இயல்பே அதற்குப் பகை. ஷாம்பெய்னுக்கு உயிரான புளிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். புளிப்பை விடாமல் பிடித்திருக்கும் பெத்தி மெஸ்லியே, நோய் எதிர்ப்புக்காகப் புதிதாக உருவாக்கப்பட்டுச் சோதனை முறையில் அனுமதி பெற்ற வோல்தீஸ் ஆகியவற்றின் மீது இப்போது கவனம் திரும்பியிருப்பது இதனால்தான். நேற்று ஒதுக்கப்பட்ட மெனியேக்கு வாதாடியவர், இன்று ஒதுக்கப்படும் வேறொன்றுக்கும் காதுகொடுக்கக் கடமைப்பட்டவர்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகு ஷாம்பெய்ன் பிரியர் ஒருவர் மெனியே என்று விடையளித்தால், அவ்விடை நாக்கின் தீர்ப்பாக மட்டும் இருக்க முடியாது. ஷார்டொனேயின் கூர்மையோ பினோ நுவாரின் கனமோ அதனிடம் இல்லை என்பதை அவர் மறுக்கவும் தேவையில்லை. ஆண்டுக் குறிப்பில்லாத எளிய கலவைப் புட்டியைத் திறந்து, இளமையிலேயே அதை இனிதாக்கும் அந்தப் பழச்சுவை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டால் போதும். பெரும்பாலும் அதன் விடை மார்ன் ஆற்றங்கரையின் ஏதோவொரு களிமண் சரிவில், மாவு பூசிய இலைகளோடு நிற்கும்.