வெளியேறும் நீருக்கும் ஹக் உண்டு



மத்ரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் தொடங்கும்போது முதலில் நாம் திறப்பது தஹாரத்தின் பாடத்தைத்தான். எது தூய நீர், எது நஜீஸ் கலந்த நீர், எதனால் ஒளூச் செய்யலாம் என்று மாணவர்களுக்கு வாரக்கணக்கில் விளக்குகிறோம். அந்த நீர் நம் கால்களைக் கழுவிய பின் எங்கே போகிறது என்பதை மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு குளியலறையும் வாஷிங் மெஷினுக்கான இடமும் அமைக்க நேர்ந்தபோது, அந்தப் பேச்சைத் தவிர்க்க முடியவில்லை.

முழங்கால் வலியால் உம்மாவுக்கு மாடிப்படி ஏற இயலாமல் போயிற்று. ஆகவே பின்கட்டில் அவருக்கென ஓர் அறை. அந்த இடமோ பள்ளம். வாப்பா கட்டியபோது வீடு தெருவைவிட இரண்டு படி உயரமாக இருந்தது. சாலை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே புதிய அடுக்கு கொட்டப்பட்டதால், இன்று எங்கள் தரை சாலையைவிட ஒன்றரை அடி தாழ்ந்து கிடக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசின் தலைமைச் செயலாளர் 2021இல் அறிவுறுத்தினார். எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டிருந்தது.

வளைகுடாவில் இருக்கும் தம்பி டைல்ஸின் படங்களை அனுப்பினான். பிளம்பர் அண்ணனோ டைல்ஸைப் பார்க்கவில்லை. தெருச் சேம்பரின் மூடியைத் திறந்து அளவு நாடாவை இறக்கினார். எங்கள் குழாய் போய்ச் சேர வேண்டிய வாய், சாலை மட்டத்திலிருந்து மூன்றரை அடி ஆழத்தில் இருந்தது. அதாவது எங்கள் தரையிலிருந்து இரண்டடி. பின்கட்டிலிருந்து சேம்பர் வரை 40 அடி தூரம். நான்கு அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சாய்வு கொடுத்தால், 40 அடிக்குப் பத்து அங்குலம் இறங்க வேண்டும். தரைக்குக் கீழே கழிப்பானின் வளைவுக்கு ஓர் அடி. ஆக 22 அங்குலம். மிஞ்சியது இரண்டே அங்குலம்.

"பாய், அறையை அரையடி உயர்த்திக் கட்டிட்டா நமக்கு நிம்மதி" என்றார் அவர். உயர்த்தினால் வாசலில் ஒரு படி வரும். அந்த ஒரு படிக்காகத்தானே உம்மாவைக் கீழே கொண்டுவந்தோம்? எனவே தரையை உயர்த்தவில்லை. குழாயை வீட்டைச் சுற்றி வளைக்காமல் பக்கத்துச் சந்து வழியே நேராகக் கொண்டுபோனோம். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரே செங்குத்தான வளைவு போடாமல் இரண்டு சாய்வான வளைவுகளைப் போட்டு, அருகில் திறந்து பார்க்க ஒரு மூடியும் வைத்தோம்.

அடுத்தது காற்றின் கணக்கு. 'நானி டிராப்' என்று சொல்லப்படும் தரை வளைவில் எப்போதும் இரண்டு அங்குல அளவுக்கு நீர் நிற்கும். சாக்கடையின் நச்சுக்காற்று அறைக்குள் ஏறாமல் தடுப்பது அந்தச் சிறு நீர்தான். அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் கழிப்பானின் வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றதும் இதற்காகவே. ஆயினும் குழாயில் நீர் வேகமாக விழும்போது தன் பின்னே காற்றை இழுக்கிறது. காற்று வர வேறு வழியில்லை எனில், வளைவில் நிற்கும் நீரையே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் அடங்காது. இதற்காகத்தான் வென்ட் பைப்.

அந்தக் குழாயைப் பின்சுவரில் ஏற்றி முதல் மாடி மட்டத்தில் முடித்துவிட்டால் செலவு குறையும் என்றார்கள். ஆனால் அந்த மட்டத்தில் பக்கத்து வீட்டுப் படுக்கையறையின் ஜன்னல் இருக்கிறது. நம் வீட்டு நாற்றத்தை அயலாரின் தலையணைக்கு அனுப்புவதற்கு நமக்கு என்ன உரிமை? அயலாரின் ஹக் பற்றி மிம்பரில் பேசுவது எளிது. இரண்டு குழாய்களின் விலையில்தான் அது சோதிக்கப்படுகிறது. மொட்டைமாடியில் ஆள் உயரத்திற்கும் மேலே கொண்டுபோய், வலை போட்ட தொப்பியுடன் முடித்தோம்.

வாஷிங் மெஷின் நீரைத் தெருவோரக் கால்வாயில் விட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்ற யோசனையும் வந்தது. அந்தக் கால்வாயை ஒட்டித்தான் ஐந்து வேளையும் மக்கள் பள்ளிவாசலுக்கு நடக்கிறார்கள். குழந்தையின் விரிப்பும் நோயாளியின் துணியும் அலசிய நீர் நிரம்பி வழிந்து, ஒளூவுடன் போகும் ஒருவரின் கைலியில் தெறித்தால் அதற்குப் பொறுப்பு யார்? மக்கள் நடக்கும் பாதையை அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகத் தடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த நீருக்கும் முறையான வழி அமைத்தோம்: இரண்டு அங்குலக் குழாய் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் நிற்கிறது, அதன் அடியில் நீர் நிற்கும் வளைவு இருக்கிறது. மெஷினின் பைப்பை அதனுள் தளர்வாகவே செருகியிருக்கிறோம், இறுக்கி அடைக்கவில்லை. பைப்பைத் தரையிலேயே போட்டுவிட்டால் துவைக்கும்போதே நீர் தானாக வடிந்துவிடும் என்பதையும் பிளம்பர் அண்ணன் விளக்கினார்.

இத்தனைக்கும் பின்னர் ஓர் அச்சம் எஞ்சியது. கனமழையில் தெருச் சேம்பர் சாலை மட்டம் வரை நிரம்பினால், அது எங்கள் குளியலறைத் தரையைவிட ஒன்றரை அடி உயரம். தாழ்ந்த வாய் எதுவோ அதன் வழியேதான் கழிவு பொங்கும். உம்மாவின் முஸல்லா விரித்திருக்கும் அறைக்கு அடுத்த அறை அது. எனவே கீழ்த்தளக் குழாயில் மட்டும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தினோம். அது நீரை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. மாடிக் குழாயை அந்த வால்வைத் தாண்டிய பிறகே இணைத்தோம். அதற்கு முன்பே இணைத்திருந்தால், வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடியில் குளிக்கும் நீர் கீழே உம்மாவின் அறையில் நிரம்பியிருக்கும்.

தெரு நிரம்பியிருக்கும் நேரங்களில் கீழே குளிப்பதும் துவைப்பதும் இல்லை. உம்மாவுக்கென ஒரு கமோட் நாற்காலி தனியே இருக்கிறது. வால்வில் அழுக்கு சிக்கினால் அது சரியாக மூடாது. ஆகையால் மாதம் ஒருமுறை, மேலே நின்றபடியே திறந்து சுத்தம் செய்யும் ஆழத்தில்தான் அதை வைத்திருக்கிறோம்.

மேலே நின்றபடியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதையும், பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தியை நாம் இன்றும் படிக்கிறோம். சாய்வு இல்லாத குழாயும் திறக்க முடியாத அடைப்பும் கடைசியில் ஓர் ஏழையின் உயிரில் போய் முடியலாம். நம் வீட்டுத் தூய்மைக்கு இன்னொருவர் தம் மூச்சைக் கொடுக்க வேண்டியிருந்தால், அதைத் தூய்மை என்று எப்படிச் சொல்வது?

வீடு கட்டுவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். தரையை மூடும் முன் குழாயின் முனையை அடைத்து, நீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என ஒரு மணி நேரமாவது பாருங்கள். நாடாவை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புழங்காத குளியலறை இருந்தால் வாரம் ஒரு கோப்பை நீரை வளைவில் ஊற்றுங்கள். டைல்ஸின் நிறத்தை முடிவு செய்வதற்கு முன் குழாயின் சாய்வை முடிவு செய்யுங்கள்.

உம்மா இப்போது யார் துணையுமின்றித் தஹஜ்ஜுதுக்கு ஒளூச் செய்கிறார். அந்த நீர் யாருக்கும் தீங்கின்றிப் போய்ச் சேரட்டும். நம் இல்லங்களின் வெளித்தூய்மையையும் உள்ளத்தூய்மையையும் வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.