இறக்கி வைக்காத கூடை

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை ஆகிய ஊர்களைக் கடந்து வலப்பனைக்குச் செல்லும் பாதையைக் கண்டோர் எளிதில் மறவார். மேலே தேயிலைச் சரிவுகள். கீழே இறங்க இறங்கப் படிப்படியாய் விரியும் நெல்வயல்கள். குளிரும் சிறிது சிறிதாக விடைபெறுகின்றது. எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவனின் அழைப்பையேற்று, சென்ற விடுமுறையில் அப்பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றோம்.

வண்டிப் பாதையிலிருந்து அவன் வாழும் லயத்துக்கு நெடிய ஏற்றம். விடைத்தாள்கள் திருத்தியதன் பயனாகப் பல வாரங்களாய் எம் பிடரியில் ஒரு வலி குடியிருந்தது. பாதி வழியிலேயே மூச்சு வாங்கிற்று. கல்லொன்றில் அமர்ந்து பையை இறக்கி வைத்தோம். எதிர்கொண்டழைக்க வந்த மாணவனின் அம்மாயி எம்மை நோக்கிச் சிரித்தார்.

"பையை எறக்கிட்டீங்க சேர், தோளை எறக்கலையே!"

உண்மைதான். எம் தோள்கள் இரண்டும் செவிகளை நோக்கி உயர்ந்தே நின்றன. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அம்மூதாட்டி. நிறுவைக்குக் கூடையை இறக்கியதும், "ஹூ" வென்று நீளமாக மூச்சு விட்டுத் தோளைத் தளர்த்திய பின்னரே அடுத்த வேலையைப் பார்ப்பாராம்.

"மூச்சை இழுக்க யாரும் சொல்லித் தர வேணாம் சேர். விடத்தான் மறந்துர்றோம்" என்றார்.

இச்சொல்லில் உடலியல் உண்மையொன்று அடங்கியுள்ளது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்புச் சற்று விரைகின்றது. வெளியே விடும்போது வேகஸ் நரம்பின் செயலால் தணிகின்றது. ஆகவே, வெளிமூச்சு நீள நீள உடலும் அமைதியை நாடும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடே மூச்சுக்குரிய முதன்மைத் தசை. கவலையிலும் அவசரத்திலும் நாம் மேல்மார்பால் மூச்சு விடுகின்றோம். அப்போது கழுத்துத் தசைகளும் அவ்வேலையிற் பங்கு கொண்டு இறுகி வலிக்கின்றன.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திற் பிராணாயாமத்தை விளக்கினார். சவாசனம் களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வளிக்கும் என்பது ஹடயோகப் பிரதீபிகையின் கருத்து. சிகாகோவைச் சேர்ந்த மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை 1929 இல் நூலாக வெளியிட்டார். இறுக்கத்தை உணர்ந்தவனே தளர்ச்சியையும் உணர்வான் என்பதே அதன் அடிப்படை.

அன்று மாலை இஸ்தோப்பிற் பாய் விரித்து, மாணவனும் நாமும் இதனைப் பயின்றோம். மல்லாந்து படுத்து ஒரு கையை வயிற்றின்மேல் வைத்தோம். கை மெல்ல உயருமாறு மூக்கால் மூச்சை இழுத்து, அதனினும் நீண்ட நேரம் வெளியே விட்டோம். பின்னர் பாதம், கால், கை, தோள், முகம் என்று முறையே சில விநாடி இறுக்கித் தளர்த்தினோம். பரீட்சை முடிவை எண்ணி உறக்கமிழந்திருந்த அம்மாணவன், கால் மணி நேரத்தில் அயர்ந்து உறங்கிவிட்டான்! எம் பிடரி வலியும் சற்றுத் தணிந்திருந்தது.

வேகமாகவோ அளவு மீறியோ மூச்சு விட்டால் தலை சுற்றும். இயல்பாகவே பழக வேண்டும். நெஞ்சு நோயும் சுவாச நோயும் உடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குதல் நன்று.

விடைபெறுகையில் அம்மாயியின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தோம். "அது இருக்குது சேர்" என்றார். மூச்சுப் பயிற்சி கூடையின் பாரத்தைக் குறைப்பதில்லை. உழைப்போருக்குரிய வேதனத்துக்கும் ஓய்வுக்கும் அது ஈடாகவும் மாட்டாது. இறக்கி வைத்த பாரத்தை உடலால் மீண்டும் சுமவாதிருக்கவே அது கற்பிக்கின்றது. கூடை சுமந்தவர் அதனை அறிந்திருந்தார். புத்தகம் சுமந்த நாம் வலப்பனைக்குச் சென்றே அறிந்தோம்.

இதனைப் படிக்கும் அன்பரே, உங்கள் தோள்கள் இப்போது எங்கே இருக்கின்றன?