பாகீரதிக் கரைக்கு ராட்டை வந்த வழி

டெஹ்ரி என்றதும் நமக்கு அணை நினைவுக்கு வரும். அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்த சுந்தர்லால் பகுகுணா நினைவுக்கு வருவார். அவருக்கு காந்தி எப்படிக் கிடைத்தார் என்பதே என் கேள்வி. அவர் பிறந்த டெஹ்ரி கட்வால், இமயமலை இடுக்கில் கிடந்த ஒரு சமஸ்தானம். அங்கே ராஜாவைப் பேசும் பத்ரிநாதராகவே கும்பிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ராட்டைக்கு என்ன வேலை?

பகுகுணாவைப் பொறுத்தவரை விடை எளிது. 13 வயதில் ஸ்ரீதேவ் சுமன் என்ற கதர்க்காரரைச் சந்தித்தார். அவர் வைத்திருந்த பெட்டிக்குள் ராட்டை இருந்தது. சரி, சுமனுக்கு?

மலையேறி வந்த யாரோ ஒரு தொண்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒருவரும் அகப்படவில்லை. ஜௌல் கிராமத்துச் சுமன்தான் கீழே இறங்கியிருக்கிறார். 1930இல் டேராடூனில் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது அதில் சேர்ந்து சிறைக்குப் போனார், அப்போது பையன்தான். காங்கிரசோ, சமஸ்தானங்களில் தன் பெயரில் போராட்டம் வேண்டாம், அந்தந்த மக்களே அமைப்பு கட்டிக்கொள்ளட்டும் என்று 1938 ஹரிபுரா மாநாட்டில் சொல்லிவிட்டது. அப்படிக் கட்டிய டெஹ்ரி பிரஜா மண்டல் 1939 ஜனவரி 23 அன்று பிறந்ததும் டெஹ்ரியில் அல்ல, எல்லைக்கு வெளியே டேராடூனில்.

இத்தோடு தேடலை முடித்திருக்கலாம். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகாவின் ஆய்வு விடவில்லை. டெஹ்ரியில் 'டண்டக்' என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. அதிகாரியின் கொடுமை தாங்காவிட்டால் ஜனங்கள் ஆணைக்குப் பணிய மறுத்து, திரண்டு ராஜாவிடம் முறையிடுவார்கள். குற்றம் அதிகாரியுடையது, ராஜா நியாயம் செய்வார் என்ற நம்பிக்கை. 1930 மே 30 அன்று, புதிய வனச் சட்டதிட்டங்களை எதிர்த்து ரவாயின் பகுதி மக்கள் யமுனைக் கரையில் திலாரியில் கூடினார்கள். ராஜா நரேந்திர ஷா ஐரோப்பாவில் இருந்தார். திவான் சக்கரதர் ஜுயாலின் படை சுட்டது. முறையிட ராஜா ஊரில் இல்லாத டண்டக் அது.

சுமனின் கடைசி உண்ணாவிரதத்தை இதன் பிறகுதான் எனக்குச் சரியாகப் படிக்கத் தெரிந்தது. 1943 டிசம்பர் இறுதியில் பிடிபட்டார். டெஹ்ரி சிறையில் அவருக்கு 35 சேர் எடை விலங்கு பூட்டினார்களாம். அதைக் காலில் வைத்துக்கொண்டு அவர் கேட்டவை மூன்று: பிரஜா மண்டலுக்கு அங்கீகாரம், கடிதம் எழுத உரிமை, தன் வழக்கின் மேல்முறையீட்டை ராஜாவே நேரில் கேட்க வேண்டும். முதலிரண்டும் டேராடூனில் கற்றவை. மூன்றாவது, பாட்டன் காலத்து டண்டக். ராஜா ஒழிக என்று அவர் கேட்கவே இல்லை; ராஜாவின் நிழலிலேயே பொறுப்பாட்சி என்பதுதான் அவர் கட்சி. இன்றைய மேடைகளில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

உண்ணாவிரதத்தின் 84ஆம் நாள், 1944 ஜூலை 25 அன்று, இறந்தார். உறவினருக்கும் சொல்லாமல் உடலை பிலங்கனா ஆற்றில் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகும் சமஸ்தானத்துக்கு எதிரான கிளர்ச்சி தொடர்ந்தது. அதில் 1948 ஜனவரியில் கீர்த்திநகரில் நாகேந்திர சக்லானியும் மோலு பர்தாரியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனங்கள் இரு உடல்களையும் தூக்கிக்கொண்டு டெஹ்ரிக்கு நடந்தார்கள். வழியெல்லாம் கூட்டம் சேர்ந்தது. இம்முறை அவர்கள் கையில் மனு இல்லை. 1949 ஆகஸ்ட் 1 அன்று சமஸ்தானம் ஐக்கிய மாகாணத்தோடு இணைந்தது.