கல் வீட்டில் நான்கு நாள்



திருவிழா வேலையெல்லாம் முடிஞ்சு, நாங்க ரெண்டு பேரும் ஜூன் மாதம் இத்தாலி போயிருந்தோம். வரைபடத்தில் இத்தாலி ஒரு காலணி மாதிரி இருக்கும் இல்லையா? அதோட குதிகால்தான் புலியா மாநிலம். அங்கே லெச்சே நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்துற பண்ணை வீட்டில் நாலு நாள் தங்கினோம்.

இந்த மாதிரி வீடுகளை ‘மாசேரியா’ன்னு சொல்றாங்க. எல்லாம் சுண்ணாம்புக் கல். 1480இல் பக்கத்து ஒத்ராந்தோ நகரத்தைத் துருக்கிப் படை சூறையாடியது. அதுக்குப் பிறகும் கடல் வழியா கொள்ளைக்காரங்க வந்துகிட்டே இருந்ததால, பண்ணை வீட்டையே கோட்டை மாதிரி கட்டிக்கிட்டாங்க. சுவர் அவ்வளவு தடிப்பு. கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்கலன்னு முதல் நாள் முணுமுணுத்தோம். ஆனா வெளியே வெயில் கொளுத்துறப்போ உள்ளே குளுகுளுன்னு இருந்துச்சு.

நாங்க சைவம்னு சொன்னதும் அந்த வீட்டுப் பாட்டி சிரிச்சாங்க. காய்ந்த ஃபாவா பயறைக் குழைய வேகவைச்சு, மசிச்சு, பக்கத்தில் கசப்பான சிக்கோரி கீரை வைச்சு, மேலே ஒலிவ எண்ணெய் ஊத்திக் கொடுத்தாங்க. ஏழைகள் சாப்பாடாம். நாங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம்.

மறுநாள் அவங்க மகன் தோப்பைக் காட்டினார். பாதி மரங்கள் சாம்பல் நிறத்தில் பட்டுப் போய் நிற்குது. சைலெல்லான்னு ஒரு கிருமி. 2013இல் கல்லிப்போலி பக்கம் கண்டுபிடிச்சாங்க. ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் பரப்புது. மரத்துக்குள் தண்ணீர் ஏறும் பாதை அடைபட்டுப் போகுது. மருந்து கிடையாது. புலியாவில் இதுவரைக்கும் லட்சக்கணக்கான ஒலிவ மரங்கள் போயிடுச்சு. பாட்டி அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கிறதே இல்லையாம்.

“மரம் போனாலும் விருந்தாளிங்க வராங்களே?”ன்னு கேட்டோம். அவர் சொன்னது எங்களை யோசிக்க வைச்சது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே இப்படி ஆளைத் தங்க வைக்கணும்னா விவசாயம்தான் முதல் தொழிலா இருக்கணும். விருந்தினர் வருமானம் அதுக்குத் துணைதான். பண்ணை செத்தா இதுவும் இல்லை. அதனால நகரத்து வேலையை விட்டுட்டு வந்து, நோயைத் தாங்கக்கூடிய லெச்சினோ ரகக் கன்றுகளை நட்டுக்கிட்டிருக்கார். நட்ட கன்று எங்க முழங்கால் உயரம்தான்.

அன்னிக்கு ராத்திரி எங்களுக்குத் தூக்கம் வரலை. பாகான் செராய் பக்கம் பெற்றோர் விட்டுட்டுப் போன பலகை வீடும், ரம்புத்தான் மரங்களும் ஆறு வருஷமா பூட்டிக் கிடக்கு. விற்கிறதுன்னு முடிவாகி, எங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

திரும்பி வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, தீபாவளி வரைக்கும் பொறுக்கச் சொன்னோம். “சரி, யார் போய் இருக்கிறது?”ன்னு கேட்டார். எங்ககிட்ட பதில் இல்லை. போன சனிக்கிழமை மட்டும் போய்க் கதவைத் திறந்து, கூட்டித் துடைச்சு, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தோம்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு தடவை பிள்ளைகளோட போய்ட்டு வாங்க.