மறைந்த வெள்ளி மீண்டும் முளைக்கும்

வெள்ளிக்கிழமைதோறும் நவக்கிரக சந்நிதியில் சுக்கிர பகவானுக்கு வெண்மலர் சாற்றுகிறோம். மொச்சை நிவேதித்து, இல்லற நலமும் மங்கல வாழ்வும் அருளுமாறு வேண்டுகிறோம். அதே சுக்கிரன் ஒரு பெண்ணின் ஜாதகத்தில் ‘வக்ரம்’ என்றோ ‘அஸ்தங்கம்’ என்றோ குறிக்கப்பட்டிருந்தால் போதும், நம் மனம் கலங்கிவிடுகிறது. இரண்டும் ஒருங்கே அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பேசிக்கொண்டிருந்த சம்பந்தமே நின்றுபோகிறது. அந்த இரு சொற்களுக்கும் வானம் கூறும் பொருள் என்ன, சாஸ்திரம் கூறும் பொருள் என்ன என்பதைப் பெரியவர்களாகிய நாம் சற்று அமைதியாக எண்ணிப் பார்ப்பது நல்லது.

எங்கள் சின்னாளப்பட்டி நெசவாளர்களின் ஊர். இங்கு உருவாகும் சுங்குடிச் சேலையைத் தென்னாடெங்கும் அறிவார்கள். நல்லாடைக்குக் காரகன் சுக்கிரன் என்று ஜோதிடம் கூறுவதால், அவர் எங்கள் தறிகளுக்கும் உரியவர் என்று கருதுவதில் தவறில்லை. முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் சேலை விற்று நெசவாளர் கையில் பணம் புழங்குவதையும், முகூர்த்தமற்ற மாதங்களில் கடன் தவணைகள் தள்ளிப்போவதையும் வங்கிப் பணியில் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். ஆகவே சுக்கிர மூடம் என்பது எங்களுக்குப் பஞ்சாங்கத்தில் மட்டும் உள்ள செய்தி அன்று. அடுப்படி வரை வரும் செய்தி.

என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் 2001ஆம் ஆண்டு பங்குனி நடுவில் பிறந்தவள். மீனத்தில் சுக்கிரன், உடன் சூரியன். ஜாதகத்தில் சுக்கிரனுக்கு எதிரே வக்ரம், அஸ்தங்கம் என இரண்டும் எழுதப்பட்டிருந்தன. மூன்று இடங்களில் பொருத்தம் பார்த்துவிட்டு, “களத்திரகாரகன் கெட்டிருக்கிறார்” என்று விலகிக்கொண்டார்கள். நான்காவது வரன் வந்தபோது தம்பி என்னிடம் வந்து, “அண்ணே, பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாத்தி வேற ஜாதகம் எழுதிடலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான். அவன் பொய் சொல்லிப் பழகியவன் அல்லன். மூன்று முறை கேட்ட மறுப்பு ஒரு தகப்பனை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது.

நேரத்தை மாற்றுவதால் லக்கினம் மாறலாம். சுக்கிரனின் வக்ரம் மாறாது என்று அவனிடம் கூறினேன். ஏனெனில் அந்த வக்ரம் ஏறத்தாழ ஆறு வாரம் நீடித்தது. பொய்யான ஓலையை நம்பிப் பூட்டும் மாங்கல்யத்துக்கு எந்தத் தெய்வத்தைச் சாட்சியாக அழைப்பது என்றும் கேட்டேன். பிறகு ஒரு தாளை எடுத்து, சுக்கிரனின் இயக்கத்தை அவனுக்கு வரைந்து காட்டினேன். அதனையே இங்கும் கூறுகிறேன்.

ஒரு பெரிய கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கருவறையில் சூரியன். உள் பிரகாரத்தில் சுக்கிரன் வலம்வருகிறார். வெளிப் பிரகாரத்தில் நாம் வலம்வருகிறோம். அவருக்கு ஒரு சுற்று 225 நாள். நமக்கு 365 நாள். இப்போது கருவறையை நோக்கியபடி அவரைப் பாருங்கள். கருவறைக்கு அப்பாலுள்ள பக்கத்தில் அவர் நடக்கும்போது இடமிருந்து வலமாகச் செல்வதுபோல் தெரிவார். நமக்கும் கருவறைக்கும் இடைப்பட்ட பக்கத்துக்கு வந்ததும் வலமிருந்து இடமாகச் செல்வதுபோல் தெரிவார். அவர் திரும்பி நடக்கவில்லை. எப்போதும்போல் வலமே வருகிறார். நாம் இருக்கும் இடத்திலிருந்து அப்படித் தோன்றுகிறது. இதுவே வக்ரம். சுமார் 584 நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஆறு வாரம் இது நிகழும்.

இந்த ஒரே சுழற்சியில் சுக்கிரன் இருமுறை சூரியனின் நேர்க்கோட்டுக்கு வருகிறார். ஒருமுறை கருவறைக்குப் பின்னால், ஒருமுறை முன்னால். இரு வேளைகளிலும் சூரிய ஒளியில் கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். அதுவே அஸ்தங்கம்; முகூர்த்த வழக்கில் மூடம், மௌட்யம் என்போம். பின்புற மறைவு நெடியது. ஏழெட்டு வாரம் நீளக்கூடும். அப்போது அவர் நம்மிடமிருந்து சுமார் 26 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார். முன்புற மறைவு குறுகியது. ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடும். அப்போது அவர் சுமார் 4 கோடி கிலோமீட்டர் அருகிலேயே இருக்கிறார். வக்ரத்தின் நடுப்பகுதியில்தான் இந்த முன்புற மறைவு நிகழ்கிறது. ஆகவே வக்ரமும் அஸ்தங்கமும் சேர்ந்திருக்கும் ஜாதகத்தில் சுக்கிரன் பூமிக்கு மிக நெருங்கி நிற்கிறார் என்பதே வானம் கூறும் பொருள்.

நம் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர். சூரிய சித்தாந்தம், நேர்கதியில் 10 பாகை, வக்ரத்தில் 8 பாகை என்று சுக்கிரனின் மறைவுக்கு இரு அளவுகள் தருகிறது. வக்ரத்தில் அவருடைய பிம்பம் பெரிதாக இருப்பதால் சூரியனுக்கு இன்னும் அருகில் சென்றாலும் கண்ணுக்குத் தெரிவார் என்பதே அதன் காரணம். 2004 ஜூன் 8 அன்று இதே முன்புற நேர்க்கோட்டில், சூரிய வட்டத்தின் மீதே சுக்கிரன் ஒரு கரும்பொட்டாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஊர்ந்து சென்றதை இந்தியா முழுவதும் காண முடிந்தது. அன்றும் அவர் வக்ரத்தில்தான் இருந்தார், அஸ்தங்கத்திலும் இருந்தார். 1874 டிசம்பர் 9 அன்று நிகழ்ந்த அத்தகைய கடப்பை நம் மக்களுக்கு விளக்குவதற்காகவே, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு நூல் எழுதினார். பஞ்சாங்கம் வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர் அவர்.

ஜாதக சாஸ்திரம் என்ன கூறுகிறது? பராசர மரபின் ஷட்பலக் கணக்கில், சேஷ்டா பலம் என்ற பிரிவில் வக்ர கிரகத்துக்குத்தான் முழு அளவான 60 விரூபம் தரப்படுகிறது. வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் ஆயுள் கணிக்கும் இடத்தில், சூரிய ஒளியில் மறைந்த கிரகம் தன் பங்கில் பாதியை இழக்கும் என்று விதிக்கிறார். உடனே சுக்கிரனையும் சனியையும் அந்த விதியிலிருந்து விலக்கிவிடுகிறார். தம்பி மகளின் ஜாதகத்திலோ சுக்கிரன் தன் உச்ச ராசியான மீனத்தில் நிற்கிறார். இத்தனையையும் ஒதுக்கிவிட்டு, ‘கெட்டிருக்கிறார்’ என்று ஒரே சொல்லில் முடிப்பது முறையாகாது.

மேலும், முகூர்த்த விதி வேறு. ஜாதக பலன் வேறு. மூட நாட்களில் திருமணம், கிரகப்பிரவேசம் போன்ற சுபகாரியங்களைத் தவிர்க்கிறோம். அது அந்த நாட்களுக்கு மட்டும் உரிய ஒழுங்கு. அதனை நானும் மதிக்கிறேன். விடுமுறை நாளில் வங்கிக் கிளை இயங்குவதில்லை. அதற்காக வாடிக்கையாளரின் கணக்கு செல்லாததாகிவிடுவதில்லை. மூடத்தில் கல்யாணம் வேண்டாம் என்ற விதியை, மூடத்தில் பிறந்த பெண்ணே வேண்டாம் என்று நீட்டுவதற்குச் சாஸ்திரத்தில் இடம் இல்லை.

இந்த மறைவுக்குப் புராணமும் ஓர் உட்பொருளைக் காட்டுகிறது. அந்தகாசுரனோடு நடந்த போரில், மாண்ட அசுரர்களை மிருதசஞ்சீவினி மந்திரத்தால் சுக்கிராசாரியார் எழுப்பிக்கொண்டே இருந்தார். சிவபெருமான் அவரை எடுத்து விழுங்கிவிட்டார். ஈசனின் வயிற்றுக்குள் நெடுங்காலம் துதித்தபடி இருந்து, பின்னர் வெளிப்பட்டவர் ஈசனுக்கே மகனானார். சுக்கிரன் என்ற பெயரும் பெற்றார். ஒளிக்குள் மறைந்தவர் அழியவில்லை. புதுப்பிறவி பெற்று வந்தார். வாமன அவதாரத்தில் கமண்டலத்தின் வாயை வண்டாக அடைத்து ஒரு கண்ணை இழந்தவரும் அவரே. இழந்த பார்வையைத் திருவெள்ளியங்குடியில் பெருமாளை வழிபட்டு மீளப் பெற்றார் என்பது தலவரலாறு; அங்கே அணையாது எரியும் தீபத்தை நேத்திர தீபம் என்பர். கஞ்சனூரிலோ அக்னீஸ்வரரே சுக்கிரனாக வழிபடப்படுகிறார். குறைபட்டு, மறைந்து, மீண்டு வந்த ஒருவரைத்தான் மங்கலம் அருள்பவராக நாம் வணங்குகிறோம்.

தம்பி ஜாதகத்தை மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடியே அனுப்பினான். பையனின் பாட்டி, எண்பதை நெருங்கியவர், பெண் பார்க்க வந்தபோது அந்தக் குறிப்பைப் பற்றித் தம் மகனே தயங்கிப் பேசத் தொடங்கியதும் இடைமறித்தார். “வெள்ளி மறைஞ்சா விடியக் காலையில முளைக்கும்டா. அந்தப் புள்ளையப் பாத்துப் பேசு” என்றார். முன்புற மறைவுக்குப் பின் சுக்கிரன் கிழக்கில் விடிவெள்ளியாகத்தான் எழுகிறார். கணிதம் படிக்காத அந்த அம்மையார், இளமையில் இருட்டோடு எழுந்து தறிக்குப் பாவு நீட்டிய காலத்தில் அதைக் கண்ணாலேயே கண்டிருக்கிறார். திருமணம் 2025 ஆவணியில், மூடம் இல்லாத நல்ல நாளில் நடந்தது.

பேரன் பேத்திகளுக்கு வரன் பார்க்கும் பொறுப்பு இன்றும் பல வீடுகளில் நம் கையில்தான் இருக்கிறது. 2026 அக்டோபரில் மீண்டும் சுக்கிர வக்ரம் தொடங்குகிறது. அம்மாதக் கடைசி வாரத்தை ஒட்டிச் சில நாட்கள் அவர் சூரிய ஒளியில் மறைந்திருப்பார். அந்த நாட்களில் முகூர்த்தம் வைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சந்நிதியில் ஒரு நெய்விளக்கு ஏற்றுங்கள். அந்த நாட்களில் பிறக்கும் குழந்தைகளையும், முன்னர் அப்படிப் பிறந்து வரனுக்குக் காத்திருக்கும் பெண்களையும் வாழ்த்துங்கள். நவம்பர் தொடக்கத்தில் விடியுமுன் மாடிக்குச் சென்று கிழக்கே பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் எழுப்பி, மீண்டு வரும் விடிவெள்ளியைக் காட்டுங்கள்.