பாட்டிக்கு வயசாச்சா?

லண்டனில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயசு. யார்க் நகரில் படுத்த படுக்கையாக இருக்கும் தங்கையைப் பார்க்க, கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் மாதாமாதம் ரயில் ஏறுவார், முழு டிக்கெட்டில்!

அறுபது தாண்டினால், 35 பவுண்டுக்கு ஒரு வருஷ சீனியர் ரெயில்கார்டு. டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 105 பவுண்டுக்கு டிக்கெட் வாங்கினாலே போட்ட காசு திரும்பிவிடும் என்றது என் பி.காம். மூளை.

கம்ப்யூட்டரோ பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ் என்று அடம் பிடித்தது. பாட்டி கடல் தாண்டியதில்லை, கார் ஓட்டியதுமில்லை.

"அப்ப நான் கிழவி இல்லையா?" என்றார்.

ஸ்டேஷன் கவுன்ட்டருக்கே போனோம். பழுப்பேறிய பர்த் சர்ட்டிஃபிகேட்டை நீட்டினார். பார்த்தார்கள், கார்டு வந்துவிட்டது!

"எங்கம்மா பத்திரப்படுத்தினது" என்றார் பாட்டி.

அன்றிரவே ஊருக்கு போன் போட்டேன்: "அம்மா, என்னோட பர்த் சர்ட்டிஃபிகேட் எங்கேம்மா?"