புல்லட்டின் மூச்சு

காலடிப்பேட்டையினருக்குப் 'புல்லட்' வண்டியின் ஒலி பழகிய ஒலியாகும். 1955ஆம் ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் அவ்வண்டியை அருகிலுள்ள திருவொற்றியூரிலேயே உருவாக்கிற்று. நின்றவிடத்தில் "தட், தட்" என்று நிதானமாக ஒலிக்க வேண்டிய பழைய புல்லட், சிலவேளை ஓயாது இரைவதுண்டு.

அறியாதார் உடனே கார்புரேட்டரின் வேகத் திருகைத் தளர்த்துவர். தேர்ந்த மெக்கானிக்கோ, ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பிப் பார்ப்பார். அப்போது இரைச்சல் ஏறினால், ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியுள்ளது என்று அறிவார். அதில் குறையில்லையெனில், கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் மூட்டில் சிறிது எண்ணெய் இடுவார். இரைச்சல் தணிந்தால், நைந்த கேஸ்கெட் வழியே காற்றுப் புகுவது தெளிவு. காற்று மிகுந்தால் பெட்ரோல் கலவை மெலியும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும், பிஸ்டனும் கெடலாம். திருகைத் தளர்த்தியவர் அடக்கியது ஓசையை மட்டுமே!

புதிய கேஸ்கெட்டை இட்டு மூட்டை இறுக்கிய பின்னரே, மெக்கானிக் அத்திருகின்மேல் கைவைப்பார்.